கடற்கரை ஊரில் ஸ்பூல் டேப் மெஷின் வைத்துப் பாட்டுக்கு 'வார்ம்' சவுண்ட் ஏற்றுவது எப்படி: வாங்குவதிலிருந்து முதல் பாட்டு வரை

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் நாதஸ்வரம் தவில் கலைஞர்கள், கீழக்கரைப் பக்கத்துத் தப்ஸ் (கைப்பறை) குழுக்கள், தங்கச்சிமடத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் வரும் மாதா கோயில் பாடகர் குழுக்கள். எல்லாமே கம்ப்யூட்டரில்தான் பதிகிறோம். சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போனால் காதைக் குத்தும், தவிலில் விரல் கூடு படுகிற ஒவ்வொரு அடியும் ஊசி மாதிரித் தனியாக நிற்கும். இதைத் தணிக்கத்தான் ஒரு ஸ்பூல் டேப் மெஷின் வாங்கி, மிக்ஸை அதன் வழியாக ஓட்டித் திரும்ப எடுக்கலாம் என்று இறங்கினேன். முடிவு செய்த நாளுக்கும் முதல் பாட்டு ஒழுங்காக வந்த நாளுக்கும் நடுவே பதினான்கு மாதம் போய்விட்டது, போட்ட கணக்கைப்போல இரண்டு மடங்கு செலவானது. வரிசை தெரிந்திருந்தால் ஆறு மாத வேலை. அந்த வரிசையை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். கையில் இருக்கும் பணத்தில் பாதிக்குமேல் மெஷினுக்குப் போடாதீர்கள். மீதிப் பாதி சர்வீஸ், கரண்ட், டேப், அலைன்மென்ட் (மெஷினை டேப்புக்கு ஏற்ப அளந்து சரிசெய்வது) என்று போய்விடும், அது இல்லாமல் அந்தச் சவுண்ட் வரவே வராது, நம் ஊர் உப்புக் காற்றில் நிச்சயமாக வராது.

1. உங்களுக்கு டேப்தான் வேண்டுமா என்று பாருங்கள்

டேப் மூன்று காரியம் செய்கிறது. லெவலை ஏற்றினால் ஒரேயடியாக வெட்டாமல் மெதுவாக அமுக்குகிறது, அப்போது முக்கியமாக மூன்றாவது ஹார்மோனிக் (மூல ஸ்வரத்தைப்போல மூன்று மடங்கு அதிர்வெண்) சேர்கிறது. அதிக லெவலில் மேல் அதிர்வெண்கள் முதலில் தளர்வதால் கூர்மை குறைகிறது. கீழே, பிளேபேக் ஹெட்டின் (டேப்பிலிருந்து ஒலியை எடுக்கும் காந்த முனை) வடிவத்தால் பாஸ் பகுதியில் ஒரு சிறு மேடு உருவாகிறது. இவற்றோடு ஹிஸ்ஸும் (டேப்பின் 'உஸ்' இரைச்சல்) கொஞ்சம் வேக ஆட்டமும் சேர்ந்துதான் நாம் கதகதப்பு என்று சொல்வது.

இதில் அமுக்குவதும் ஹார்மோனிக்கும் மட்டும் போதும் என்றால் ஸ்பூல் தேவையில்லை. ரூபர்ட் நீவ் டிசைன்ஸ் 542 என்று ஒரு யூனிட் இருக்கிறது, 500 சீரிஸ் ரேக்கில் செருகுவது, உள்ளே டேப் ஓடாது, ஆனால் நிஜமான காந்த ஹெட் சர்க்யூட் வழியாக ஒலி போகும். எம்பிரிக்கல் லேப்ஸ் ஃபாட்சோ என்பதும் டேப் இல்லாமல் இதே மாதிரி வேலை செய்வதுதான். ஈரம் பற்றிய கவலை குறைவு, அலைன்மென்ட் கிடையாது. மாதம் ஒரு பாட்டுதான் வருகிறது, சுத்தம் செய்ய நேரம் இல்லை என்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

முடிவு எடுக்க முடியவில்லை என்றால் முதலில் ஒரு மூன்று ஹெட் (அழிக்க, பதிய, கேட்கத் தனித்தனி ஹெட்) கேசட் டெக் தேடிப் பிடியுங்கள். கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில்தான் ஓடும், அதனால் மேல் அதிர்வெண் சீக்கிரம் தளரும், ஹிஸ் அதிகம். டால்பியை (ஹிஸ்ஸைக் குறைக்கும் வசதி) அணைத்துவிட்டு உங்கள் பாட்டு ஒன்றை அதில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அந்தத் திசை பிடித்திருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

2. பின்பக்கத் தகட்டைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

நான் விழுந்த பெரிய குழி இதுதான். முதல் மெஷின் அமெரிக்காவிலிருந்து வந்தது. விற்றவர் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும் என்றார். வோல்டேஜுக்கு அது சரி, 120 வோல்ட்டை 230 வோல்ட்டுக்குச் சமாளிக்கலாம். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது. பழைய மெஷின்கள் பலவற்றில் கேப்ஸ்டன் (டேப்பை இழுக்கும் தண்டு) மோட்டார் கரண்ட்டின் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு சுற்றும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை நம்முடைய 50 ஹெர்ட்ஸில் போட்டால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், 15 ஐபிஎஸ் (நொடிக்கு 15 அங்குலம்) என்று எழுதியிருப்பது 12.5 ஐபிஎஸ் ஆகிவிடும். இதில் சூழ்ச்சி என்னவென்றால், அதே மெஷினில் பதிந்து அதே மெஷினில் கேட்டால் சுருதி சரியாகவே இருக்கும், எதுவும் தெரியாது. நானும் இரண்டு மாதம் கவனிக்கவில்லை. ஒரு பெரியவர் தன் அப்பா பாடிய பழைய ஸ்பூலைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னபோதுதான் வெளிப்பட்டது, ஐந்து கட்டையில் பாடியது மூன்று கட்டையில் கேட்டது. பெரியவர் முகம் மாறியதை மறக்க முடியாது.

சில மெஷின்களில் மோட்டார் புல்லியை மாற்றினால் 50 ஹெர்ட்ஸுக்கு வரும், சிலவற்றில் பெல்ட்டை இடம் மாற்றவே வசதி இருக்கும். ரெவாக்ஸ் ஏ77, பி77 போன்றவற்றில் கேப்ஸ்டன் வேகத்தை எலக்ட்ரானிக் சர்க்யூட்டே கட்டுப்படுத்துவதால் இந்தத் தொல்லை இல்லை, வோல்டேஜ் செலக்டரை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

விற்பவரிடம் வாங்க வேண்டிய படங்கள்: பின்பக்கத் தகடு, வோல்டேஜ் செலக்டர், மூன்று ஹெட்களும் வெளிச்சத்தில் கிட்டத்தில், பிஞ்ச் ரோலர் (டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் உருளை). டேப் ஓடும்போது, முன்னும் பின்னும் வேகமாகச் சுற்றும்போது, நிறுத்தும்போது என ஒரு வீடியோ. நிறுத்தும்போது டேப் தொங்கினாலோ இழுபட்டாலோ பிரேக் வேலை இருக்கிறது. ஹெட்டில் டேப் ஓடிய இடம் பள்ளமாகி, நகத்தால் தடவினால் விளிம்பு தட்டுகிறது என்றால் தேய்மானம் அதிகம். கொஞ்சத் தேய்மானத்தை லேப்பிங் (ஹெட்டின் முகத்தை இழைத்துச் சமமாக்குவது) செய்து சரிப்படுத்தலாம், எவ்வளவு மிச்சம் என்பதை மெக்கானிக்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், ஹாஃப் டிராக்கா குவார்ட்டர் டிராக்கா (டேப்பின் அகலத்தை இரண்டாகப் பிரிக்கிறதா நான்காகவா) என்று கேளுங்கள். வீட்டு உபயோகத்துக்கு வந்தவை பெரும்பாலும் குவார்ட்டர் டிராக், ஸ்பூலைத் திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் கேட்பதற்கானவை. நமக்கு ஹாஃப் டிராக் வேண்டும், டிராக் அகலம் கூட இருப்பதால் ஹிஸ் ஏறக்குறைய 3 டெசிபல் குறையும். வேகமும் 7.5, 15 இரண்டும் இருக்கட்டும். பி77-இல் கூட சாதாரண மாடல் 3.75, 7.5 தான், ஹை ஸ்பீடு மாடலில்தான் 15 வரும். பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஓட்டாரி எம்எக்ஸ்5050, டாஸ்காம் 32 ஆகியவையும் இந்த வேலைக்கு ஏற்றவை, ஆனால் தகடு பார்க்கும் விதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

3. எங்கே வாங்குவது, என்ன காகிதம் வேண்டும்

இந்தியாவுக்குள் கிடைத்தால் இந்தியாவுக்குள்ளேயே வாங்குங்கள். மூடிவிட்ட ஸ்டுடியோக்கள், பழைய ஆடியோ சேர்ப்பவர்கள் என்று சென்னை, கொச்சி, மும்பையில் விசாரித்தால் கிடைக்கும். விலை கொஞ்சம் கூடத் தோன்றினாலும் 50 ஹெர்ட்ஸ் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும், நேரில் போய் ஓட்டிப் பார்க்கலாம், சுங்கம் இல்லை. என்னுடைய இரண்டாவது மெஷினைச் சென்னையில் வாங்கி ரயிலில் கூடவே வைத்து ராமநாதபுரத்தில் இறக்கினேன். பார்சலில் போடாதீர்கள். இவை கனமானவை, ரெவாக்ஸ் பி77 மட்டுமே 17 கிலோ வரும், தூக்கிப் போடுகிற ஒரு கை போதும் அச்சு வளைய. ஸ்பூல்களைக் கழற்றித் தனியாகச் சுற்றி எடுத்து வாருங்கள்.

வெளிநாட்டிலிருந்துதான் என்றால் காகித வேலை இருக்கிறது. வரிசை எண்ணும் உண்மையான விலையும் உள்ள பில், பணம் கட்டிய சான்று, கூரியர் கம்பெனி கேட்கும் கேஒய்சிக்கு ஆதார் அல்லது பான் நகல், சுங்கத்தில் அவர்கள் உங்கள் சார்பில் கட்டுவதற்கான அனுமதிக் கடிதம். ஒலிப்பதிவுக் கருவிகள் 8519 என்ற சுங்கத் தலைப்பில் வரும், வெற்று டேப் 8523-இல் வரும், பில்லில் அதைப் போடச் சொல்லுங்கள். விலையைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று விற்பவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சந்தேகம் வந்தால் அதிகாரிகள் தாங்களே மதிப்புப் போடுவார்கள், பெட்டி அங்கேயே வாரக்கணக்கில் கிடக்கும், கிடங்குக் கட்டணம் உங்கள் தலையில்.

பழைய பொருள் இறக்குமதிக்கு வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் தனி விதிகள் உண்டு. சொந்த உபயோகமா, தொழிலுக்கான கருவியா என்பதைப் பொறுத்து அது மாறும். தொழிலுக்கு என்றால் ஐஇசி (இறக்குமதி ஏற்றுமதிக் குறியீடு) எண் வேண்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் தொழிலுக்காக முறைப்படி இறக்கினால் கட்டிய ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், அது நல்ல தொகை. எதுவானாலும் பணம் அனுப்பும் முன்பு ஒரு சுங்கத் தரகரிடம் மெஷினின் படத்தையும் பில்லின் மாதிரியையும் காட்டி, மொத்தம் எவ்வளவு ஆகும், அனுமதி ஏதும் வேண்டுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதை நம்பி நான் பட்டது போதும்.

நம் பக்கத்தில் இன்னொரு வழியும் உண்டு. சபுரில் (வெளிநாட்டு வேலையில்) இருக்கிற மச்சானோ மாமாவோ ஊருக்கு வரும்போது கூடவே கொண்டுவருவது. கொண்டுவரலாம், ஆனால் பில்லோடு வரட்டும், மதுரையிலோ திருச்சியிலோ இறங்கியதும் ரெட் சேனலில் போய் அறிவித்து வரி கட்டி ரசீது வாங்கட்டும். அந்த ரசீது பிற்பாடு நீங்கள் மெஷினை விற்கும்போதும் உதவும். உங்களுக்காக உழைத்துக் களைத்து ஊர் திரும்புகிறவரை விமான நிலையத்தில் பதில் சொல்லித் தவிக்க வைக்காதீர்கள்.

4. மெஷின் வரும் முன்பே அறையைத் தயார் செய்யுங்கள்

முதலில் கரண்ட். கடலோர ஃபீடர்களில் வோல்டேஜ் ஏறி இறங்குவது உங்களுக்கே தெரியும். மெஷினுக்கென்று தனியாக ஒரு சின்ன சர்வோ ஸ்டெபிலைசர் போடுங்கள், 1 கேவிஏ தாராளம். இன்வெர்ட்டர் இருந்தால் அது ப்யூர் சைன் வேவ் வகையா என்று பாருங்கள், ஸ்கொயர் வேவ் என்றால் மோட்டார் சூடாகும், பாட்டில் கரகரவென்று ஹம் ஏறும். எர்த் குழி ஒன்றைப் புதிதாகப் போட்டு மெஷின், இன்டர்பேஸ் (கம்ப்யூட்டருக்கு ஒலி போய்வரும் பெட்டி), ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள்.

அடுத்தது ஈரம், இங்கே நிதானமாகப் படியுங்கள். ஐநூறு ரூபாய்க்குள் ஒரு ஈரப்பத மீட்டர் கிடைக்கும், அதை மெஷினுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். 40-இலிருந்து 55 சதவீதத்துக்குள் வைத்திருக்க முயலுங்கள். வாடைக் காற்று தொடங்கிவிட்டால், ஐப்பசி கார்த்திகையில் கதவைத் திறந்து வைத்தால் எங்கள் அறையில் 85-ஐத் தாண்டிப் போகிறது. டிஹியூமிடிஃபையர் வாங்க முடிந்தால் வாங்குங்கள், முடியாதவர்கள் டேப்புகளை மட்டுமாவது மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடலாம்.

ஏசி உள்ளவர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. வேலை முடிந்து ஏசியை அணைத்த உடனே ஜன்னலைத் திறந்துவிடுவது. நம் கடற்கரையில் வெளிக்காற்றின் பனிநிலை (ஈரம் தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை) பல மாதங்கள் 24, 25 டிகிரியைத் தொட்டுக்கொண்டே இருக்கும், 22 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் ஹெட்டிலும் கேப்ஸ்டனிலும் அந்தக் காற்று பட்டவுடன் தண்ணீர் முத்து முத்தாகப் பிடிக்கும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பது போலத்தான். அதில் உப்பும் சேர்ந்தால் ஒரு மழைக்காலத்தில் துரு கட்டிவிடும். ஏசியை அணைத்த பிறகு ஒரு மணி நேரமாவது அறையை மூடியே வையுங்கள். மெஷினுக்கு மேல் பருத்தித் துணி மூடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழி இருக்காது.

5. சர்வீஸ் ஆகாமல் பிளக்கைச் செருகாதீர்கள்

"சர்வீஸ் பண்ணியாச்சு" என்ற சொல்லுக்குக் காகிதம் கேளுங்கள். என்ன மாற்றினார்கள், எப்போது என்று ஒரு பட்டியல் இல்லையென்றால் சர்வீஸ் ஆகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். என் இரண்டாவது மெஷினை அப்படி நம்பி நேராக 230 வோல்ட்டில் போட்டேன், இருபதாவது நிமிடம் உள்ளேயிருந்து வெள்ளைப் புகை, அறை முழுக்க மீன் கருகிய மாதிரி நாற்றம், இரண்டு நாள் போகவில்லை. காரணம் பழைய பேப்பர் கெபாசிட்டர்கள். தேன் நிறத்தில் உள்ளே தெரியும் உறையோடு இருக்கும், வயதாக வயதாக உறையில் மயிரிழை விரிசல் விழும், அதன் வழியாகக் காற்றிலுள்ள ஈரம் உள்ளே போகும், கரண்ட் ஏறியதும் வெடிக்கும். ஈரம் அதிகமுள்ள நம் ஊரில் இவை சீக்கிரம் போகும். பார்த்தவுடன் மாற்றிவிட வேண்டியவை, விலை நூறு இருநூறுக்குள்தான்.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியது: மெயின்ஸ் பக்கத்துப் பேப்பர் கெபாசிட்டர்கள், பவர் சப்ளை எலக்ட்ரோலிட்டிக்குகள், பிஞ்ச் ரோலர், பெல்ட் இருந்தால் பெல்ட், பிரேக், ரிலே மற்றும் சுவிட்ச் கான்டாக்ட் சுத்தம், டேப் இழுவிசை. வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்ததை வேரியாக்கில் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து மெதுவாக வோல்டேஜ் ஏற்றச் சொல்லுங்கள். ஸ்பூல் மெஷின் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன, சென்னைக்குத்தான் நான் போக வேண்டியிருந்தது. உதிரி கெபாசிட்டர், ஐசி, கனெக்டர் போன்றவற்றை ரிச்சி தெருவில் நீங்களே வாங்கிக் கொடுத்தால் நாள் மிச்சம். பிஞ்ச் ரோலர் போன்றவை வெளியூரிலிருந்து வரவேண்டும், மூன்று வாரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மெஷின் அங்கே இருக்கும்போதே ஹெட் அலைன்மென்ட்டைக் கூட இருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், அந்த ஒரு நாள் எனக்குப் பிற்பாடு பல பயணங்களை மிச்சப்படுத்தியது.

6. டேப் புதிதாகவே வாங்குங்கள்

பழைய டேப் மலிவாகக் கிடைக்கும், ஆசைப்படாதீர்கள். 1970-களின் நடுவிலிருந்து வந்த பல டேப்புகளில், ஆம்பெக்ஸ் 406, 456 உட்பட, காந்தத் துகளைப் பிடித்து வைக்கும் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடுகிறது. ஓட்டினால் கீச்சென்று கத்தும், பழுப்பு நிறப் பிசின் ஹெட்டில் ஒட்டும். அப்படிப்பட்ட டேப்பை ஏறக்குறைய 54 டிகிரியில் பல மணி நேரம் சூடாக்கினால் சில வாரங்கள் ஓடும், ஆனால் அது பழைய பதிவைக் காப்பாற்றும் வழி, புதிதாகப் பதிவதற்கு அல்ல. வீட்டு அடுப்பில் முயலவே வேண்டாம்.

புதிய டேப் இப்போதும் தயாராகிறது. பிரான்சில் ரெக்கார்டிங் தி மாஸ்டர்ஸ், அமெரிக்காவில் ஏடிஆர் மேக்னெடிக்ஸ். முந்தையவர்களின் எஸ்எம்911 ஸ்டுடியோ வேலைக்கு, எல்பிஆர்35 மெல்லியது, வீட்டு மெஷின்களுக்கு ஏற்றது. உங்கள் மெஷினின் கையேடு எதைச் சொல்கிறதோ அந்த வகை.

கணக்கு எளிது. 10.5 அங்குல ஸ்பூலில் 2500 அடி, 15 ஐபிஎஸ்ஸில் 33 நிமிடம். 7 அங்குலத்தில் 1200 அடி என்றால் அதே வேகத்தில் 16 நிமிடம், 7.5-இல் 32. மிக்ஸை ஏற்றி உடனே கம்ப்யூட்டருக்கு எடுத்துவிடுகிறோம் என்பதால் ஒரே ஸ்பூலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். எனக்கு 10.5 அங்குல ஸ்பூல் ஒன்று வரியோடு பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது, இரண்டு வாங்கினேன், வருடம் தாண்டியும் ஓடுகிறது.

7. அலைன்மென்ட்

இதை விட்டால் வரும் சவுண்ட் கதகதப்பு இல்லை, மங்கல். பலர் டேப் என்றால் மங்கலாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

முதலில் சுத்தம். டேப் தொடும் உலோக பாகங்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்துத் துடைக்க வேண்டும், 99 சதவீதம் உள்ளதாக வாங்குங்கள், மெடிக்கலில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர். ரப்பர் பிஞ்ச் ரோலருக்கு ஆல்கஹால் வேண்டாம், ரப்பர் காய்ந்துவிடும், லேசான சோப்புத் தண்ணீர் போதும். பிறகு டீமேக்னடைசர் (ஹெட்டில் தங்கிய காந்தத்தை நீக்கும் கருவி). மெஷினை அணைத்துவிட்டு, டேப்புகளை எல்லாம் வேறு அறைக்குக் கொண்டுபோய், டீமேக்னடைசரைத் தூரத்தில் வைத்தே ஆன் செய்து, மெதுவாகக் கிட்டே கொண்டுபோய், அதைவிட மெதுவாக விலக்கி, கை எட்டும் தூரம் போன பிறகே அணைக்க வேண்டும். ஹெட்டுக்குப் பக்கத்தில் வைத்து அணைத்தால் இருந்ததைவிட அதிகக் காந்தம் ஏறும்.

பிறகு அளவு டேப். எம்ஆர்எல் போன்ற கம்பெனிகள் துல்லியமான அளவில் டோன்கள் பதிந்து தருவது, உங்கள் வேகத்துக்கும் ஈக்வலைசேஷன் (மேல், கீழ் அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் விதம்) தரத்துக்கும், அதாவது என்ஏபியா ஐஇசியா (இது முன்பு சொன்ன இறக்குமதி எண் அல்ல, ஒலித் தரத்தின் பெயர்) என்பதற்கும், பொருந்துவதாக வாங்க வேண்டும். ஒரு டேப்புக்கு இது விலை அதிகம், ஆனால் பத்து வருடம் வரும். வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் பிளேபேக் பக்கம் அசிமத் (ஹெட்டின் சாய்வு), லெவல், ஈக்வலைசேஷன். அது முடிந்த பிறகே புது டேப்பைப் போட்டு பதிவுப் பக்கம் பயாஸ் (பதியும்போது கூடச் சேர்க்கும், காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் கரண்ட்), அசிமத், லெவல், ஈக்வலைசேஷன்.

பயாஸ்தான் சவுண்டின் குணத்தைத் தீர்மானிக்கிறது. 10 கிலோஹெர்ட்ஸ் டோனைப் பதிந்துகொண்டே பயாஸை மெல்ல ஏற்றினால் பிளேபேக் மீட்டர் ஏறி ஒரு உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். அந்த உச்சத்துக்கு அப்பால் எத்தனை டெசிபல் இறக்கி நிறுத்த வேண்டும் என்று டேப்போடு வரும் டேட்டா ஷீட்டில், வேகத்துக்கும் பதிவு ஹெட்டிலுள்ள மெல்லிய பிளவின் அகலத்துக்கும் ஏற்ப எழுதியிருக்கும். அதற்குக் குறைவாக வைத்தால் மேல் பகுதி பளபளக்கும் ஆனால் கரகரப்பு சேரும். கூட வைத்தால் சாந்தமாகும், மங்கும். நாதஸ்வரத்துக்கு நான் அரை டெசிபல் கூடவே வைக்கிறேன், பாடகர் குழுவுக்கு ஷீட்டில் உள்ளபடி.

முதல் தடவை எனக்கு ஒரு முழு நாள் ஆனது. இப்போது ஒன்றரை மணி நேரம், மாதம் ஒருமுறை. மெஷினை ஆன் செய்து அரை மணி கழித்தே அளவு பார்க்க வேண்டும்.

8. இன்டர்பேஸோடு சேர்ப்பதும் லெவலும்

இன்டர்பேஸின் லைன் அவுட் பெரும்பாலும் +4 டிபியு, வீட்டு வகை மெஷின்களின் ஆர்சிஏ பின்கள் -10 டிபிவி (இரண்டும் லைன் லெவலின் அளவுகள்). இரண்டுக்கும் கிட்டத்தட்ட 12 டெசிபல் வித்தியாசம். நேராக இணைத்தால் டேப்புக்கு முன்பே மெஷினின் உள்ளீட்டு ஆம்ப்ளிஃபையர் கிழியும், அதை டேப் சவுண்ட் என்று நினைத்து ஏமாறக் கூடாது. 1 கிலோஹெர்ட்ஸ் டோனை -18 டிபிஎஃப்எஸ்ஸில் (கம்ப்யூட்டர் மீட்டரின் உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே) அனுப்பி, மெஷினின் மீட்டர் 0 காட்டும்வரை இன்டர்பேஸ் பக்கமே குறையுங்கள். திரும்ப வரும் வழியிலும் அதே -18 காட்டும்படி உள்ளீட்டை வையுங்கள். ஹம் கேட்டால் நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேட்டர். எர்த் பின்னைப் பிடுங்கிவிடும் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. வியு மீட்டரின் முள் மெதுவானது, 300 மில்லிசெகண்ட் சராசரியைத்தான் காட்டும். தவில் அடியும் தப்ஸ் அடியும் முள் எழுவதற்குள் வந்து போய்விடும், மீட்டர் -6 காட்டும்போதே டேப்பில் உச்சம் 0-ஐத் தாண்டிப் பல டெசிபல் ஏறியிருக்கும். தவிலுக்கு -6, -5 பக்கமே நிறுத்துங்கள். பாடகர் குழுவுக்கும் ஹார்மோனியத்துக்கும் +2, +3 வரை போகலாம். நாதஸ்வரம் நீளமாகப் பிடிக்கிற ஸ்வரம் என்பதால் மீட்டர் உண்மையைச் சொல்லும், 0-க்கு மேல் ஏற்றினால் இனிப்பு போய் எரிச்சல் வரும்.

9. பாட்டை ஏற்றி இறக்குவது

மூன்று ஹெட் மெஷினில் பதியும்போதே பிளேபேக் ஹெட்டிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டரில் புதிய டிராக்கில் பதியலாம். அப்படியே செய்யுங்கள். முதலில் முழுதும் பதிந்து, சுற்றி, பிறகு ஓட்டி எடுத்தால் வேகத்தில் உள்ள மிகச் சிறு வித்தியாசம் பாட்டு முழுக்கச் சேர்ந்துகொண்டே போய் கடைசியில் தாளம் பிசகி நிற்கும். உடனே எடுத்தால் அந்தச் சேர்க்கை இல்லை, மாறாத ஒரு தாமதம் மட்டும்தான். இரண்டு ஹெட்டுக்கும் நடுவே 4 செ.மீ. இருந்தால் 15 ஐபிஎஸ்ஸில் சுமார் 105 மில்லிசெகண்ட், 7.5-இல் 210. பாட்டுக்கு முன்னால் ஒரு கிளிக் வைத்தால் அதைப் பார்த்து டிராக்கை முன்னே நகர்த்திவிடலாம்.

டேப்பில் போன டிராக்கையும் போகாத அதே டிராக்கையும் சேர்த்துக் கலக்காதீர்கள். டேப்பின் ஆட்டத்தால் இரண்டும் ஒருபோதும் பிசிறில்லாமல் பொருந்தாது, குழாய்க்குள்ளிருந்து கேட்பது போல ஒலிக்கும். இதே காரணத்துக்காக ஒரு தவிலின் இரண்டு மைக்குகளைத் தனித்தனியாக ஓட்டக் கூடாது, ஸ்டீரியோ ஜோடியாக ஒரே ஓட்டத்தில் அனுப்புங்கள்.

வேகம் எது? அடி வாத்தியம் இருந்தால் 15. தனிக்குரல் தாலாட்டு, ஒப்பாரி மாதிரி மெதுவானது என்றால் 7.5-ஐயும் முயன்று பாருங்கள், மேல் பகுதி இன்னும் இளகும், பாஸ் மேடும் பாதி அதிர்வெண்ணுக்கு இறங்கும், ஆனால் ஹிஸ் கூடும்.

ஒவ்வொரு பாட்டையும் மூன்று லெவலில் ஏற்றுங்கள், நினைத்த லெவல், அதற்கு 3 கீழே, 3 மேலே. கேட்கும் முன் மூன்றையும், டேப்பில் போகாத மூலத்தையும், ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாவிட்டால் எது சத்தமோ அதுதான் நன்றாக இருக்கிறது என்று காது சொல்லும். மறுநாள் காலையில் கேட்டு முடிவெடுங்கள். ஐந்து நிமிடப் பாட்டுக்கு இதெல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், பாட்டு கொண்டுவந்தவரிடம் அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

10. செலவும் நாளும்

முதல் மெஷினில் போனதை விட்டுவிட்டு, இரண்டாவதற்கு எனக்கு ஆனது இது: மெஷின் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். சர்வீஸும் உதிரியும் 38,000, அதில் சென்னைப் பயணங்கள் இரண்டு சேர்த்தி. ஸ்டெபிலைசர், எர்த், வயரிங் 14,000. டேப் இரண்டு 21,000. அளவு டேப் வரியோடு பதினைந்தாயிரத்துக்கு மேல். டீமேக்னடைசர், ஆல்கஹால், ஈரப்பத மீட்டர், கேபிள்கள் 9,000. டிஹியூமிடிஃபையர் 18,000. மெஷினுக்குக் கொடுத்த அளவுக்குச் சமமாக மற்றதற்கும் ஆகியிருக்கிறது, முதலில் சொன்ன பாதிக் கணக்கு இதிலிருந்து வந்ததுதான்.

தை மாதம் தேடத் தொடங்குங்கள். மாசி பங்குனியில் மெஷின், சித்திரை வைகாசியில் சர்வீஸ், ஆனி ஆடிக்குள் அறையில் உட்கார்ந்துவிட வேண்டும். ஐப்பசியில் மெஷினைத் திறந்து போட்டு வேலை பார்ப்பதையும், வெளியூர் கொண்டுபோவதையும் தவிருங்கள். மழை மாதங்களில் பாட்டு வராவிட்டாலும் வாரம் இரண்டு தடவை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், மெஷினின் சூடே உள்ளிருக்கும் ஈரத்தை விரட்டும்.

11. பதிந்த டேப்பை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால்

சிலர் ஸ்பூலையே கேட்டு வாங்கிப் போகிறார்கள், கோயில் விழாவில் வாசித்த மல்லாரியை அப்படி ஒரு குடும்பம் வாங்கிப் போனது. அப்படியென்றால் திரும்பச் சுற்றாமல், பாட்டின் முடிவு வெளியே இருக்கும்படியே விட்டுவிடுங்கள். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே காந்தம் லேசாக ஒட்டும், இப்படி வைத்தால் அந்த எதிரொலி பாட்டுக்கு முன்னால் கேட்காமல் பின்னால் வந்து மறைந்துவிடும். வேகமாகச் சுற்றியதை அப்படியே வைக்கக் கூடாது, சாதாரண வேகத்தில் ஓடி முடிந்ததாக இருக்க வேண்டும். பெட்டியில் நிற்க வையுங்கள், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம். பெட்டி மேல் வேகம், என்ஏபியா ஐஇசியா, டேப் வகை, 0 வியு எந்த அளவுக்கு வைத்தது, தேதி, அப்புறம் "முடிவு வெளியே" என்று அழியாத மையில் எழுதுங்கள், 1 கிலோ, 10 கிலோ, 100 ஹெர்ட்ஸ் டோன்களை அரை அரை நிமிடம் தொடக்கத்தில் பதிந்து வையுங்கள். இருபது வருடம் கழித்து வேறொருவர் வேறொரு மெஷினில் போடும்போது அவருக்கு அது போதும்.